ஆச்சிக்குத் தனிக் கணக்கு இருந்தது, தனி நேரம்?

செட்டிநாட்டு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கல்யாணமான கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்டுக்கொண்டு பிரிகிற கதை இல்லை இது. அதே வீடு, அதே முகப்பு, அதே வளவு (நடு முற்றம்). வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு. பின்கட்டில் ஓர் அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் செலவுப் பணமும். அதற்குள் குடும்பத்தை நடத்திக் காட்ட வேண்டியது வந்த பெண்ணின் பொறுப்பு. பெரிய குடும்பத்துக்குள் இருந்துகொண்டே, சின்ன வயதிலேயே ஒரு பெண் தன் வரவு செலவுக்குத் தானே ஆளாகிவிடுவாள்.

சீதனத்திலும் அப்படித்தான். நகை, வெள்ளி, பித்தளை, பாத்திரபண்டம், பணம் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி வைப்பார்கள். பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்குவார்கள். அது பெண்ணின் பணம், புருஷன் வீட்டுக் கணக்கில் கரைந்துபோகாது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போது அதிலிருந்துதான் எடுப்பார்கள். ஆண்கள் பர்மா, இலங்கை, மலாயாக் கடைகளுக்கு மூன்று ஆண்டுக் கணக்கில் கப்பலேறிப் போனார்கள். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். வீட்டையும் வேலையாட்களையும், நல்லது கெட்டதுகளையும் ஆச்சிமார், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். செட்டிநாட்டுப் பெண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெருமையோடு சொல்வது இந்தப் பகுதியைத்தான். பெருமைக்குரியதுதான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒன்று மட்டும் பங்கு பிரிக்கப்படவே இல்லை. நேரம். ஆச்சியின் பணம் ஆச்சிக்கு என்று எழுதி வைத்த ஊரில், ஆச்சியின் மத்தியானம் ஆச்சிக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு இங்குள்ள தாய்மார்கள் தங்களுக்கென்று ஒரு படிப்பு, ஒரு தொழில், உடம்புக்கு ஒரு நடை, மனசுக்கு ஓர் ஓய்வு என்று நினைக்கும்போது முட்டிக்கொண்டு நிற்பது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ‘மனசு வைத்தால் முடியும்’ என்று சொல்வது எளிது. மனசு இல்லாமல் இல்லை. வீட்டில் இடம் விடுவதில்லை.

பழைய நாளின் ஒரு பகலை நினைத்துப் பாருங்கள். விடியலில் வாசல் தெளித்துக் கோலம், பிறகு அடுப்படி, விருந்தாள், வற்றல் வடகம், ஊறுகாய். யார் வீட்டிலாவது விசேஷம் வந்துவிட்டால் மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என்று டின் டின்னாகப் பலகாரம். சாப்பாடு முடிந்து வளவுத் திண்ணையில் உட்கார்ந்து பனை ஓலையில் கொட்டான் என்ற சிறு கூடை முடைவார்கள், அதற்குப் பாசிமணியும் கொக்கிப் பின்னலும் வைத்து மேலுறை போடுவார்கள். ஆச்சிமார் தங்களுக்காகச் செய்துகொண்டது என்று சொன்னால் அந்தக் கைவேலையைச் சொல்லலாம். அதுவும் கடைசியில் சீர்த் தட்டில்தான் போய்ச் சேரும். அழகும் திறமையும் நிறைந்த வாழ்க்கை. ஆனால் ஓய்வு என்று ஒன்று வந்தாலும் அது வேறு யாருக்கோ பயன்படும் வேலையாகத்தான் வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டுமில்லை. அந்த வளவுகளைக் கூட்டிப் பெருக்கியவர்கள், மாவிடித்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள் எல்லாரும் இந்த ஊர்த் தாய்மார்கள்தான். அவர்களுக்குத் தனிக் கணக்கும் இல்லை, தனி நேரமும் இல்லை. இப்போதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நான்கு வீட்டில் வேலை செய்துவிட்டு ஐந்தாவதாகத் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கிற பெண்ணிடம் போய் ‘உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்’ என்றால், அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். ஒரு வீட்டம்மாவின் ஓய்வு இன்னொரு தாயின் கூடுதல் வேலையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் பேச்சின் பாதி.

நேரம் எங்கே போகிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்குள், ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது கண்ணில் படுகிறது. மிக்சியும் கேஸ் அடுப்பும் மிச்சம் பிடித்த நிமிடங்கள் இருக்கின்றன. வேலையை மாற்றிக்கொடுத்ததால் வந்த மிச்சம் எதுவும் அதில் தெரியவில்லை.

ஐந்து மணி நேரம் என்பது சராசரிதான். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ சென்னையிலோ இருக்க, மாமனார் மாமியாரோடும் பிள்ளைகளோடும் ஊரில் இருக்கும் பெண்ணுக்கு அது போதாது. பர்மா போனவர்களின் வீட்டில் இருந்த அதே நிலைதான். ஒரே வித்தியாசம், அப்போது வளவுக்குள் ஓரகத்திகளும் அப்பத்தாவும் இருந்தார்கள். ஒருத்தி படுத்துவிட்டால் இன்னொருத்தி குழந்தையைத் தூக்கிக்கொள்வாள். இப்போது இரண்டு அறை வீட்டில் வேலை செய்ய அவள் ஒருத்திதான். பொறுப்பு அப்படியே நின்றுவிட்டது, கூட்டம் மட்டும் கலைந்துவிட்டது.

காலையின் நெருக்கடியைச் சற்றே தளர்த்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழகத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. குழந்தைகளின் பசியைப் போக்கும் திட்டமாகத்தான் இதைப் பேசுகிறோம். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் ஒரு தாய்க்கு இது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் அவள் உட்கார்ந்து சாப்பிடலாம். நம் வீடுகளில் அம்மாக்கள் காலை உணவை உட்கார்ந்து சாப்பிடுவதே அரிது என்பதை யோசித்தால் இது சின்ன விஷயம் இல்லை.

உடம்பைப் பற்றிப் பேசுவோம். தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019–21: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு உடல் எடை அளவுக்கு மேல். இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில் இருக்கும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் மட்டும் சாப்பிடுகிறவளுக்கு அரிசி சேரும், கீரையும் பருப்பும் கறியும் சேராது. செட்டிநாட்டுச் சமையல் என்று உலகம் கொண்டாடுகிறதே, அந்தப் பந்தியில் கடைசி இலை யாருக்கு என்று பார்த்தால் பாதி விவரம் புரிந்துவிடும். முருங்கைக்கீரையும் கம்பும் கேழ்வரகும் இந்த மண்ணில் விளைகிறவை. வாங்குவது கஷ்டமில்லை, அவள் தட்டுக்கு வருவதுதான் கஷ்டம்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுச் சேர்க்கும் பயிற்சி. வீட்டு வேலையே போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நின்றுகொண்டே சமைப்பதும் குனிந்து நிமிர்வதும் களைப்பைத் தரும். மூச்சு வாங்க வேகமாக நடப்பது இருதயத்துக்குத் தருவதை அது முழுதாகத் தராது. நாற்பதைத் தாண்டும்போது, மாதவிலக்கு நிற்கும் காலத்தில் எலும்பின் வலு வேகமாகக் குறையும் என்பதால் தசைப் பயிற்சி இன்னும் அவசியம். சிவகங்கைச் சீமை வெயிலில் ஏழரைக்கு மேல் நடக்க முடியாது. விடியலில் ஊருணிக் கரையைச் சுற்றி வரலாம், கானாடுகாத்தான் மாதிரி ஊர்களின் அகலமான தெருக்கள் நடப்பதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும். ஆனால் அந்த நேரம் பால், டிபன், குக்கர் நேரம். இடம் இருக்கிறது, வேளை இல்லை.

இங்கே எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி நடை போகும் வழக்கம் இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பாதயாத்திரைக் கூட்டத்தில் தாய்மார்கள் ஏராளம். நாள் கணக்கில் நடக்கிறார்கள். அந்த நாட்களில் வீடு நின்றுபோய்விடுவதில்லை. கணவர் சமைக்கிறார், அல்லது நாத்தனார் வந்து இருக்கிறார், பிள்ளைகள் கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். யாரும் ‘என்ன அம்மா இவ’ என்று கேட்பதில்லை. ஊரே வழியனுப்புகிறது. ஆக, ஒரு தாய் இல்லாமல் சில நாள் ஓட்ட நம் வீடுகளுக்கு நன்றாகவே தெரியும். முருகனுக்காக என்றால் தெரியும். தினம் அரை மணி நேரம் அவள் முழங்காலுக்காக என்றால் மறந்துபோகும். நேர்த்திக்கடனுக்குக் கொடுக்கும் அனுமதியில் ஒரு துளியை அன்றாடத்துக்கும் கொடுக்கலாம் என்பது என் வேண்டுகோள். பக்திக்கு இதில் குறைவொன்றும் வராது.

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக: 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றுக்கான முதற்கட்டப் பரிசோதனை அரசு மருத்துவ அமைப்பில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இருந்தும், மேலே சொன்ன அதே ஆய்வில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு முறையாவது பரிசோதித்துக்கொண்ட தமிழகப் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கக்கூடிய நோய் இது. ‘ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி’ என்ற ஒரு சொல்லில் எத்தனை பேரை இழந்திருக்கிறோம்!

மனசும் உடம்பின் கூடவே வருவது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் போவதும் பெண்ணின் குணக்கேடு இல்லை; சிகிச்சையால் தீரக்கூடிய நிலை. பிள்ளைகள் படிப்புக்கு வெளியூர் போனபின் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் வெறுமையும் அப்படித்தான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். யாருக்கும் தெரியாமலும் பேசலாம், அதுதான் இந்த ஊரில் முக்கியம்.

சொந்த இலக்கு என்று வரும்போது, நம் பக்கத்திலேயே நடந்த ஒரு பெரிய காரியத்தை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று இயக்கத்தில் சேர்த்தார்கள். செட்டிநாட்டின் ஒரு பகுதி, ராயவரம், கடியாபட்டி, அரிமளம் எல்லாம் அந்த மாவட்டம்தான். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஆரம்பத்தில் கேலி, கிண்டல், மோசமான பேச்சு எல்லாம் இருந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடும் நடந்தது.

அதில் கவனிக்க வேண்டியது சைக்கிள் என்ன செய்தது என்பது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீர்க் குடம் தலையிலிருந்து கேரியருக்கு இறங்கியது. பால், காய்கறி விற்கிற பெண் கூடுதலாக இரண்டு ஊரைச் சுற்றி வந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட அப்பாவோ அண்ணனோ வர வேண்டியதில்லை. அந்தப் பெண்களில் பலர் தாய்மார்கள். ‘தன்னம்பிக்கை’ என்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை, நேரத்தையும் நடமாட்டத்தையும் கையில் கொடுத்தார்கள். நம்பிக்கை தானாக வந்தது. இன்று ஸ்கூட்டி ஓட்டப் பழகும் நாற்பது வயதுப் பெண்ணைப் பார்த்து ‘இந்த வயசில் எதுக்கு’ என்று கேட்கிறவர்கள், நம் ஊர் வயல் வரப்பில் முப்பது ஆண்டுக்கு முன்பே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதைத் தெரிந்துகொள்ளட்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் இதே வரிசையில் வருவது. டிக்கெட் காசு கேட்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிவது, கணக்குச் சொல்லாமல் கிளம்ப முடிவதும்கூட.

படிப்புக்கு வாசல் இங்கே பக்கத்தில்தான். அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கிய காரைக்குடியில் இப்போது அழகப்பா பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியும் தருகிறது. பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி, காரைக்குடியில் உமையாள் இராமநாதன் மகளிர் கல்லூரி என்று பெண்கள் பெயராலேயே பெண்களுக்குக் கல்லூரிகள் உண்டு. கல்யாணத்தில் நின்றுபோன பட்டத்தைப் பிள்ளை பத்தாவது எழுதும் வருஷத்தில் தாய் முடிப்பது இங்கே நடக்கிற காரியம். அப்படிப் படிக்கிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: வீட்டில் எல்லாரும் தூங்கியபின் படிக்கிறார்கள். தூக்கத்தை வெட்டித்தான் இலக்குக்கு நேரம் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். படிப்பும் முடிய வேண்டும், உடம்பும் கெடக்கூடாது என்றால் அந்த இரண்டு மணி நேரம் மாலையில் வேறொருவர் கையிலிருந்து வர வேண்டும்.

கைத்தொழிலுக்கும் இது பொருந்தும். அழிந்துகொண்டிருந்த கொட்டான் முடைவதை விசாலாட்சி ராமசாமியின் முயற்சியில் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை மீட்டெடுத்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆச்சிமார் மத்தியானத்தில் சும்மா முடைந்தது இன்று வேறு பெண்களுக்குக் கூலி தருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். வேலைக்கு ஒரு நேரம், ஓர் இடம், ஒரு சம்பளம்.

வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பதைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. ‘உனக்குத்தான் நல்லா வருமே, செஞ்சு வித்தா என்ன’ என்று எல்லாரும் சொல்லும் முதல் யோசனை அது. நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், குடும்பத்தையே தூக்கி நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீட்டு அடுப்பும் வியாபார அடுப்பும் ஒன்றாகிவிட்டால், ஐந்து மணி நேர வேலை பத்து மணி நேரமாகும். அவள் சம்பளத்தை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. மாவு, எண்ணெய், கேஸ் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். தொடங்குகிறவர்கள் தங்கள் மணிக்கூலியை முதல் வரியிலேயே எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுங்கள், வங்கிக் கணக்கைத் தன் பெயரில் தனியாக வையுங்கள். சீதனப் பட்டியல் எழுதிய அப்பத்தாக்களின் பேத்திகளுக்கு இது புதிதில்லை.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தகுதியுள்ள குடும்பத் தலைவியின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் போடும் திட்டமாக வந்தது. கூலியில்லாமல் செய்யும் வீட்டு வேலைக்கான மதிப்பு என்றே அரசு இதைச் சொன்னது. நிறைய வீடுகளில் அது கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் போய்விடுகிறது. முடிந்தவர்கள் அதில் ஒரு 100 ரூபாயையாவது அஞ்சலகத் தொடர் வைப்பில் தன் பெயரில் போட்டு வரலாம். பழைய சீதனப் பணத்தின் வலுவே அதை யாரும் கேட்காமல் எடுக்க முடியாது என்பதில்தான் இருந்தது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், காலைக்குப் பள்ளி உணவு வந்திருக்கிறது, போக்குவரத்துக்குப் பஸ் வந்திருக்கிறது, கணக்குக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. வராதது மாலை. பள்ளிக்கூடம் விட்டு இரவுச் சாப்பாடு வரையிலான நேரம் முழுக்கத் தாயின் தலையில்தான். வகுப்பு, நடை, தையல் பயிற்சி, சுய உதவிக் குழுக் கூட்டம் எல்லாம் நடக்கக்கூடிய நேரமும் அதுதான். வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் வாரத்தில் சில மாலைகளையாவது முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்வது. ‘என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்’ என்று நிற்காமல், அரிசி எங்கே இருக்கிறது, சின்னவனுக்கு நாளைக்கு எந்தப் பரீட்சை என்று தானே தெரிந்து செய்வது.

வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதற்குச் செட்டிநாட்டில் ஒரு வசதி இருக்கிறது, வேறு ஊர்களில் இல்லாதது. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். ஆண்டுக்கு ஒரு முறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் ஒரு கல்யாணத்துக்கும் திறக்கிறார்கள், மற்ற நாளெல்லாம் காவலாள் ஒருவர் இருப்பார். பங்காளிகள் ஒப்புக்கொண்டால் முகப்பையும் பட்டாலை என்ற கூடத்தையும் மட்டும், பள்ளி நாட்களில் மாலை நான்கு முதல் ஏழு வரை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சாதி பார்க்காமல் திறந்துவிடலாம். படிக்க வைக்கவும் பார்த்துக்கொள்ளவும் சம்பளத்துக்கு இரண்டு பெண்கள், கழிப்பறை, குடிநீர், ஒரு சுண்டல். வீட்டுக்காரர்களின் பொறுப்புக் கவலைக்கு ஊராட்சியோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். செலவு, ஒரு விசேஷத்தின் பலகாரச் செலவுக்குள் ஓராண்டு ஓடிவிடும் அளவுதான் இருக்கும். கோவில் திருப்பணிக்கும் கல்விக்கும் தலைமுறைகளாக அள்ளிக் கொடுத்த ஊர்ச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசலாம். முதலில் ஓர் ஊரில், ஒரு வீட்டில், ஒரு பள்ளி ஆண்டுக்கு நடத்திப் பார்க்கட்டும்.